கீழ்த்தொட்டிக்கு இரண்டாம் உரம்

யோகலிங்கம் ஐயா டென்மார்க்குக்குப் புறப்பட்ட நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் யாராவது பயணம் வெளிக்கிடுவார்களா என்று ராக்காயி விடிந்ததிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரை ஏற்ற வான் வந்து வாசல் படலையில் நின்ற பிறகும் அவள் விடவில்லை.

“புதன்கிழமை போனாக்கா அந்த டாக்டரு நெஞ்சத் தொறக்க மாட்டேன்னுருவாராங்க?”

“டிக்கெட் செவ்வாய்க்கெல்லோ போட்டுக் கிடக்கு, ராக்காயி. பிளேனை ஒரு நாள் பிந்தி ஓடச் சொல்லி நான் ஆரிட்டக் கேக்கிறது?”

சிரித்துக்கொண்டு சொன்னாலும் வானுக்குள் ஏறப் போன மனிதர் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். ரஜிதா பின்னால் ஓடினாள். எங்கே போகிறார் என்று அவளுக்குத் தெரியும்.

முத்தையன்கட்டு வலதுகரையில் ஐயாவுக்குத் தகப்பன் காலத்துக் குடியேற்றக் காணி. முப்பது வருடம் டென்மார்க்கில் இருந்துவிட்டு, மனைவி அங்கே தவறிய பிறகு, பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கேளாமல் வந்து வீடு கட்டியவர். ராக்காயி அவருடைய வயலைப் பார்த்தாள். அவளுடைய மகள் ரஜிதா வீட்டைப் பார்த்தாள். இரண்டு பேரும் வளவின் பின்பக்கத்துச் சிறிய வீட்டில் இருந்தார்கள். ராக்காயியின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள். மகள் வன்னியில் பிறந்து வன்னிக் கதை கதைக்கிறவள். தாயின் பேச்சு மட்டும் மலையை விட்டு இறங்கவேயில்லை.

ஐயா நடுவறைக்குப் போய்த் தொட்டியின் முன்னால் நின்றார். நாலு அடி நீளக் கண்ணாடித் தொட்டி. உள்ளே கடல் தண்ணீர், ஓட்டை விழுந்த கற்கள், வெள்ளைக் கோடு போட்ட இரண்டு செம்மஞ்சள் மீன்கள். டென்மார்க்கில் ஒரு மீன் காட்சிச்சாலையில் கண்ணாடி துடைக்கிற வேலை பார்த்தவர் அவர். துடைத்துத் துடைத்துத் தொழில் முழுக்கப் படித்துக்கொண்டார். பெரிய தொட்டிக்குக் கீழே அலுமாரி போல ஒரு கதவு இருந்தது. அதைத் திறந்தால் இன்னொரு சின்னத் தொட்டி. அதற்குள் அவிழ்ந்துபோன பச்சை நூற்கண்டு போல ஒரு கடற்பாசி, தனக்கென்று ஒரு விளக்கோடு சுருண்டு கிடந்தது. மேல்தண்ணீர் பைப்பால் கீழே இறங்கிப் பாசிக்குள்ளால் போகும். மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். மீன் அழுக்காக்குவதைப் பாசி தின்னும். இவ்வளவுதான் சூத்திரம். இந்தக் கீழ்த்தொட்டிக்கு வெளிநாட்டில் ஏதோ பெயர் உண்டு. ஐயா அதை ‘அடைக்கலத் தொட்டி’ என்பார்.

“முகாம் எண்டு சொல்லுங்கோவன் அண்ணை, எங்களுக்கு டக்கெண்டு விளங்கும்,” என்பான் ஏரம்பு. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவந்து உள்ளூர்களில் விற்கிறவன் ஏரம்பு. அவனுடைய பட்டா லொறியில்தான் ஐயாவுக்குக் கடல் தண்ணீரும் கலன் கலனாக வரும்.

“மோட்டர் சத்தம் நிண்டா என்ன செய்வாய்?” என்று ஐயா ரஜிதாவைக் கேட்டார்.

“பற்றரிக்கு மாத்துவன்.”

“சாப்பாடு?”

“ரெண்டு விரலால ஒரு நுள்ளு. கூடினாச் சாகும், குறைஞ்சாச் சாகாது.”

“பிறகென்ன, நீ கெட்டிக்காரி.” அவர் கண்ணாடியில் விரலால் தட்டினார். இரண்டு மீன்களும் விரலடிக்கு ஓடி வந்தன. “இதுகள் இருக்குமட்டும் நானும் இருப்பன் எண்டு வை.”

பகிடியாகத்தான் சொன்னார். வாசலில் நின்ற ராக்காயியின் காதில் அது பகிடியாக விழவில்லை. வான் மறைந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டாள். “கேட்டியா? நெஞ்சக் கிழிக்கப் போற மனுசன் வாயால வர்ற வார்த்த சும்மா வராது. அந்த ரெண்டு உசுரயும் நீ கண்ணுக்குள்ள வச்சிக்க.”

“சும்மா இருங்கம்மா. மீனுக்கும் ஆளுக்கும் என்ன?”

அப்படிச் சொன்னவளுக்கு அன்றிலிருந்து நித்திரை ஒழுங்காக வரவில்லை. மோட்டார் உறுமலைக் கேட்டுக்கொண்டு படுத்தாள். குளிர்சாதனப் பெட்டி நின்றாலும் மோட்டார்தான் நின்றதென்று எழுந்து ஓடினாள்.

உண்மையைச் சொன்னால் ரஜிதாவுக்கு அந்தத் தண்ணீரே பயம். பதின்மூன்று வயதில், யுத்தத்தின் கடைசி மாதங்களில், முள்ளிவாய்க்கால் கரையில் தாய் தகப்பனோடு பதுங்கு குழிக்குள் இருந்தவள். தகப்பனை அந்த மணலிலேயே மூடிவிட்டு இரண்டு பேராக வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கடலைப் பார்த்ததில்லை. ஒருமுறை தண்ணீர் எடுக்கத் துணைக்கு வரச்சொல்லி ஐயா கூப்பிட்டார். அவளுடைய முகத்தைக் கண்டுவிட்டு, “வேண்டாம், நீ சமையலைப் பார்” என்றார். பிறகு கேட்கவேயில்லை. ஏரம்பு கலன்களைத் திறக்கும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். தொட்டிக்குள் முழங்கை மட்டும் விட்டு வேலை செய்யப் பழகியதுகூட, அந்தத் தண்ணீரைச் சுற்றி நாலு பக்கமும் கண்ணாடி இருந்தபடியால்தான்.

போய்ச் சேர்ந்த ஐயாவிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது: நாளைக்கு ஒப்பரேசன், மீன் சாப்பிடுதோ? அவள் படம் எடுத்து அனுப்பினாள். அதற்கு ஒரு சரி அடையாளம் மட்டும் விழுந்தது. இரண்டாவது விழவில்லை. அடுத்தநாள் அனுப்பியதற்கும் அப்படியே. கிழமைகள் போயும் அப்படியே. டென்மார்க்கில் யாரைக் கேட்பது? பிள்ளைகளின் நம்பர் அவளிடம் இல்லை.

பயம் கூடக் கூட, போடுகிற சாப்பாட்டைக் குறைத்தாள். நுள்ளில் பாதி போட்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டாள். மீன்கள் கண்ணாடியில் முட்டி முட்டிக் கேட்டன. தண்ணீர் மட்டும் பளிங்கு மாதிரி இருந்தது. அதில் அவளுக்கு ஒரு திருப்தி. மீன் தின்னாவிட்டால் அழுக்கு இல்லை, அழுக்கு இல்லாவிட்டால் பாசிக்குச் சாப்பாடு இல்லை என்பது அவளுக்குப் பிடிபடவில்லை.

ஒரு காலை கீழ்க் கதவைத் திறந்தவள் அப்படியே குந்திவிட்டாள். பாசி வெளிறிப் போயிருந்தது. பச்சை இறங்கி, நுனிகள் வைக்கோல் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன.

வயலில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இதற்கு யாரும் வைத்தியம் சொல்லத் தேவையில்லை. பயிர் மஞ்சளித்தால் யூரியா. களஞ்சிய அறையில் போன போகத்து மிச்சம் அரைப் பையில் கிடந்தது. நாலைந்து குருணையைக் கரைத்துக் கீழ்த்தொட்டியில் விட்டாள். அன்றைக்கு முழுக்கத் தொட்டியடியிலேயே இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. சில நாளில் பாசி பச்சை கட்டியது. அதைப் படம் எடுத்து ஐயாவுக்கு அனுப்பினாள்: பாசி நல்லா வந்திட்டுது ஐயா. ஒரு சரி.

அங்கேதான் பிழை. பாசி தப்பிவிட்டதென்று விட்டிருக்கலாம். ஆனால் முதல் உரம் போட்டால் இரண்டாம் உரம் போட வேண்டும், அதுவும் முதலாவதைவிடக் கூடப் போட வேண்டும் என்பது வயல்காரரின் கை வழக்கம். கதிர் குடலை கட்டும் நேரத்தில் கைவிட்டால் முழுதும் பதர்தானே. வைகாசி பிறந்து, ஊரெல்லாம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கதையாக இருந்த நாளில், அவள் நிறைந்த ஒரு தேக்கரண்டி யூரியாவைக் கரைத்து ஊற்றினாள். இந்த முறை பயப்படவும் இல்லை.

இரண்டாம் நாள் காலை தண்ணீர் அரிசி கழுவின நீர் போல இருந்தது. இரண்டு மீன்களும் மேலே வந்து, வாயைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி இழுத்துக்கொண்டிருந்தன. செவுள்கள் படபடவென்று அடித்தன. அவள் போட்ட சத்தத்தில் ராக்காயி ஈரக்கையோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

“என்னாடி ஊத்துன?”

“யூரியா.”

“யூரியாவா! மீனுக்கா?”

“மீனுக்கில்லை. பாசிக்கு.”

“ஏன்டி, பாசி கீழ் வீட்டுல குடியிருக்குன்னு ஒரத்துக்குத் தெரியுமா? ரெண்டுக்கும் ஒரே தண்ணிதானடி!”

அது தெரியாத விசயமா? தினம் பைப்பைத் துடைக்கிறவள் அவள்தான். தெரிந்த விசயம் கை வேலை செய்யும்போது தலைக்கு வராமல் போய்விட்டது. போனை எடுத்தாள். “ஐயா, தண்ணி வெள்ளையாப் போச்சு. மீன் மூச்சிழுக்குது. யூரியா கூடப் போட்டிட்டன். என்ன செய்யிறது ஐயா? தயவுசெய்து ஒருக்கா எடுங்கோ.” குரல்பதிவு போனது. ஒரு சரி. இன்னொன்று அனுப்பினாள். ஒரு சரி.

உரம் கூடினால் வயலில் தண்ணீரைக் கழித்துப் புதுத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். குழாய் போட்டுத் தொட்டித் தண்ணீரை முற்றத்துக்கு இழுத்தாள். நீலப் பீப்பாவில் சேமித்து வைத்த கடல் தண்ணீர் முழுவதையும் ஊற்றினாள். மீன்கள் கொஞ்சம் கீழே இறங்கின. அவள் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் மறுபடி மேலே வந்து வாயைத் திறந்தன. பீப்பா அடியில் மணல்தான் மிச்சம்.

ஏரம்புவுக்கு எடுத்தாள்.

“இந்தக் கிழமை ஏலாது தங்கச்சி. அம்மனுக்குத் தீர்த்தம் எடுத்தாச்செல்லோ. எண்ணெய்க்குப் பதிலாக் கடல் தண்ணியில விளக்கெரியுது. பொங்கல் முடியுமட்டும் நான் மீன் தொடமாட்டன், கடல்லயும் கை கால் வைக்கமாட்டன். அது என்ர நேர்த்திக்கடன். அம்மான்ர கண் சுகமானதுக்கு வைச்சது.”

“அண்ணை, மீன் சாகுது.”

“அதுக்கு நானென்ன...” அவன் நிறுத்தினான். “ஐயா எப்பிடி இருக்கிறார்?”

“தெரியேல்லை அண்ணை. ஒண்டுமே தெரியேல்லை.”

“சரி. பட்டாவைக் கொண்டு வாறன். கலனெல்லாம் கழுவிக் கிடக்கு. ஆனா கடலுக்குள்ள நீதான் இறங்க வேணும். சம்மதமோ?”

ராக்காயி போனைப் பறித்து, “வாங்க தம்பி, அவ வருவா” என்று வைத்துவிட்டாள்.

“நான் மாட்டன் அம்மா. நீங்க போங்கோ.”

“நான் போயிட்டா இந்தத் தண்ணிய யாரு கலக்கிக்கிட்டு நிக்கிறது? எனக்கு இந்த மோட்டரு மண்ணாங்கட்டி ஒண்ணும் தெரியாது.” கிழவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: “அங்கதானே ஒங்கப்பா இருக்காரு. தெரியாத எடமா?”

ரஜிதாவை ஏற்றிக்கொண்டு பட்டா ஒட்டுசுட்டானைத் தாண்டியது. முள்ளியவளையில் பொங்கலுக்குக் கட்டிய தோரணங்களுக்குக் கீழே பட்டா ஊர்ந்தபோது காற்று மாறியது. அவள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினாள்.

“கருவாடு நாறுதோ? வடிவாக் கழுவினனான்,” என்றான் ஏரம்பு.

“கருவாடில்லை அண்ணை.”

அவன் திரும்பிப் பார்த்துவிட்டு ரேடியோவை நிறுத்தினான். தீர்த்தம் எடுக்கிற கரைப்பக்கம் போகாமல், பனங்கூடலுக்குள்ளால் ஒரு மணல் பாதையில் இறக்கி, ஈரமில்லாத இடமாகப் பார்த்து நிறுத்தினான்.

“பார், கடல் குளம் மாதிரிக் கிடக்கு.”

அவள் கண்ணுக்கு அது குளமாக இல்லை. சாம்பல் நிறத்தில் எழுந்து எழுந்து இவளை நோக்கித்தான் வந்தது. சத்தம் கூட அப்படியே இருந்தது. அலை அடித்து ஓய்ந்து அடுத்தது வருவதற்குள் ஒரு மௌனம் வருமே, அந்த மௌனத்தில்தான் அந்த நாட்களில் அடுத்த செல் விழுமென்று எல்லோரும் தலையைக் குனிவார்கள். அவளுடைய தலை தானாகக் குனிந்தது.

முதலில் கலனுக்குக் கயிறு கட்டி, கிணற்றில் வாளி விடுவது போலக் கரையில் நின்றே வீசினாள். வலையிலிருந்து மீன் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கலனுக்குள் பாதி மணல் வந்தது.

“அது வயலுக்குத்தான் சரி!” ஏரம்பு பட்டாவடியில் நின்று கத்தினான். “இடுப்பளவுக்குப் போ தங்கச்சி! அங்கதான் தெளிஞ்ச தண்ணி!”

கணுக்கால். முழங்கால். ஒவ்வொரு அலையும் திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் நழுவியது. இந்த மணலுக்குள் என்னென்ன இருக்கும் என்று நினைக்கக் கூடாதென்று பல்லைக் கடித்தாள். குதிக்காலில் ஏதோ கடினமாகப் பட்டது. சிப்பியாக இருக்கலாம். சிப்பியென்று மனம் ஒப்பவில்லை. அலறிக்கொண்டு கரைக்குத் திரும்ப ஓடினாள். அலை முதுகில் அடித்து விழுத்தியது. கலன் கையை விட்டுப் போனது. வாய் நிறைய உப்பு.

ஏரம்பு ஓடிவந்தான். ஓடிவந்தவன் ஈரமணல் தொடங்குகிற இடத்தில், யாரோ கோடு கீறி வைத்தது போல, சட்டென்று நின்றான். இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தான். “எழும்பு தங்கச்சி! ஐயோ அம்மாளாச்சி, எழும்பு!” பிறகு என்ன தோன்றியதோ, பட்டாவுக்கு ஓடி நீளக் கயிறொன்றை எடுத்துவந்து ஒரு நுனியை அவளிடம் வீசினான்.

“இடுப்பில கட்டு. மற்ற நுனி என்னட்டக் கிடக்கு. நான் விடமாட்டன்.”

“உங்கட நேர்த்தி?”

“கடலைத்தானே தொடமாட்டன் எண்டனான். கயித்தைத் தொட்டா அம்மன் கோவிப்பாவோ? கோவிச்சா நான் கதைச்சுக்கொள்ளுறன். கட்டு!”

கட்டினாள். தவழ்ந்து தவழ்ந்து எழுந்தாள். அவன் உலர்ந்த மணலில் குதிக்காலை ஊன்றி, இழுபடுகிற மாட்டைப் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் ஒவ்வொரு கலனாக அமிழ்த்தினாள். நிரம்புகிற குளுகுளுச் சத்தத்தை மட்டும் கேட்டாள். பயம் போகவில்லை. பயந்துகொண்டே நிரப்பினாள். நிரம்பினதைக் கரைக்கு இழுத்துவந்து வைத்தாள். திரும்பவும் போனாள். நடுவில் ஒருமுறை, “அப்பா” என்று வாய்விட்டுச் சொன்னாள். யாருக்கும் கேட்கவில்லை. வலைப் பெண்களில் ஒருத்தி வந்து, கரையிலிருந்த கலன்களை ஏரம்புவின் பட்டா வரை உருட்டிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ராக்காயி தொட்டிக்குள் கையைவிட்டுத் தண்ணீரை அடித்துக் கலக்கிக்கொண்டு நின்றாள். தோள்வரை நனைந்திருந்தாள். “ஒண்ணு போயிருச்சுடி,” என்றாள். சின்ன மீன் ஒரு கிண்ணத்துக்குள் கிடந்தது. அந்தச் செம்மஞ்சள் இன்னும் மங்கவில்லை. பெரியது கல்லில் சாய்ந்தபடி இழுத்துக்கொண்டிருந்தது.

ரஜிதா அழுவதற்கு நிற்கவில்லை. பழைய தண்ணீரை இழுத்தாள். புதியதை ஊற்றினாள். மறுபடி இழுத்தாள். மறுபடி ஊற்றினாள். கலன்கள் தீர்ந்தபோது கண்ணாடியின் அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது. பொழுதுபடப் பெரிய மீன் கல்லை விட்டு நகர்ந்தது. நனைந்த உடுப்போடேயே நிலத்தில் குந்தியிருந்து போனில் குரல் பதிந்தாள். “ஐயா, ஒண்டு செத்துப்போச்சு. மற்றது இருக்கு. முல்லைத்தீவுக்குப் போய் நான்தான் தண்ணி எடுத்துக்கொண்டு வந்தனான். நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள் எண்டாவது சொல்லுங்கோ.” ஒரு சரி.

அதன் பிறகு நடந்ததை அவள் யாரிடமும் சரியாக விளக்க முடியவில்லை. பாசி வெறிபிடித்தது போல வளர்ந்தது. மிச்சமிருந்த உரத்தையெல்லாம் தின்று கொழுத்து, கீழ்த்தொட்டி மூடியைத் தூக்கியது. வெட்ட வெட்ட வந்தது. வெட்டியதைக் கழுவி ராக்காயி ஆட்டுக்கு வைத்தாள். ஆடு மணந்து பார்த்துவிட்டு அவளையே பார்த்தது. “இவுகளுக்குப் பொன்னாங்கண்ணிதான் எறங்கும்,” என்று கத்தரிப் பாத்திக்குள் கொட்டினாள். பெரிய மீன் கொழுத்து வந்தது. சாப்பாட்டை இப்போது ஒரு முழு நுள்ளாகவே போட்டாள் ரஜிதா.

ஆனால் பாதி போய்விட்டதே. ‘இதுகள் இருக்குமட்டும்’ என்றவரின் பாதிக்கு அங்கே என்ன நடந்திருக்கும்? ஆவணியில் கரண்ட் ஒரு பகல் முழுக்க நின்றபோது, மோட்டார் சத்தம் இல்லாத வீட்டில் தாயும் மகளும் பற்றரிக்குப் பக்கத்தில் முகத்தைப் பாராமல் இருந்தார்கள். ஏரம்பு தண்ணீர் கொண்டு வரும்போதெல்லாம், “அண்ணையின்ர பாடு ஏதும் தெரிஞ்சுதோ?” என்பான். அவள் தலையை ஆட்டுவாள். ஒவ்வொரு வெள்ளியும் படம் அனுப்பினாள். ஒற்றைச் சரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போயின.

மழைக்காலம் தொடங்கி, குளம் நிரம்பி வான்பாய்ந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம். அவள் பாசி வெட்டிக்கொண்டிருந்தாள். நிலத்தில் கிடந்த போனில் வெளிச்சம் வந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒற்றைச் சரிகள் எல்லாம் இரட்டையாகி, மேலிருந்து கீழாக நீலமாகிக்கொண்டு வந்தன. வெளிறிய பாசி, பச்சைப் பாசி, யூரியா, மூச்சிழுக்கிற மீன், செத்தது, அவளுடைய மன்றாட்டம், எல்லாவற்றையும் அங்கே ஒருவர் வரிசையாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். யார்?

“அம்மா!” என்றாள். ராக்காயி வந்து அவளுடைய தோளைப் பிடித்தாள். இரண்டு பேரும் கண்ணாடித் திரையைப் பார்த்தபடி நின்றார்கள். ‘எழுதுகிறார்’ என்று வந்தது. போனது. மறுபடி வந்தது. ராக்காயி கண்ணை மூடிக்கொண்டு, “வாசி,” என்றாள்.

செய்தி இதுதான்:

“நான் பிரேமிளா, அப்பான்ர மகள். மன்னிக்கோணும், எங்களுக்கு உங்கட நம்பர் தெரியாது. ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பாவுக்கு வாதம் வந்து கதை நிண்டுபோச்சு. போனும் சார்ஜ் இறங்கி நிண்டு, பூட்டினபடி பையுக்குள்ள கிடந்தது. இப்பதான் கொஞ்சம் கொஞ்சமாக் கதைக்கிறார். போன் பூட்டைத் திறக்கிற நம்பரை இண்டைக்குத்தான் சொன்னார், திறந்து எல்லாத்தையும் கேக்க வைச்சன். கடைசிக் குரல்பதிவை மூண்டு தரம் போடச் சொன்னார். உங்களிட்ட ஒண்டு கேக்கட்டாம்: ‘கடலுக்குள்ள நீயே இறங்கினியோ, பிள்ளை? ஆர் உன்னைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது?’”